சிலிக்கான் சென்சாரின் முதல் தலைமுறை: போனவர்களைப் பற்றி

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 3

கேமராக்களில் ஒளியைப் பதிவு செய்யும் சிலிக்கான் சில்லான சிசிடியைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான ஜார்ஜ் ஸ்மித் மே 28 அன்று காலமானார். வில்லர்டு பாயில் 2011-லேயே போய்விட்டார். 1969 அக்டோபரில் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் இருவரும் ஒரு மணி நேரத்துக்குள் கரும்பலகையில் அதை வரைந்து முடித்தார்கள் என்று படித்தேன். சிலிக்கான் சென்சார் தொழிலே அந்த ஒரு மணி நேரத்தில்தான் பிறந்தது, அதைத் தொடங்கிய தலைமுறை இத்துடன் முடிந்தது என்று சொல்லலாமா? அந்தக் காலத்தில் அந்த வேலையில் இருந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் ஐயா.

ஜூன் 4

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. ஸ்மித் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் சிலிக்கான் சென்சார் 1969-ல் பிறக்கவில்லை. 1954-லேயே சார்லஸ் ஸ்மித் என்ற இன்னொரு ஸ்மித், ஜெர்மானியத்தையும் சிலிக்கானையும் அழுத்தினாலோ இழுத்தாலோ அவற்றின் மின்தடை எவ்வளவு மாறுகிறது என்று அளந்து கட்டுரை எழுதிவிட்டார். சாதாரண உலோகக் கம்பியை இழுத்தால் கிடைக்கும் மாற்றத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல், படிகத்தைச் சரியான திசையில் வெட்டினால். அழுத்த சென்சார்க்காரர்கள் எல்லோரும் அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகள். 1959-ல் நியூ ஜெர்சியில் கர்ட்ஸ் என்பவர் குலைட் என்ற சென்சார் கம்பெனியை ஆரம்பித்தார். 1962-ல் ஹனிவெல்லில் டஃப்டியும் கூட இருந்தவர்களும், மின்தடைகளைத் தனியாக ஒட்டாமல், அழுத்தத்தில் வளையும் மெல்லிய சிலிக்கான் சவ்வுக்குள்ளேயே செலுத்திவிடலாம் என்று காட்டினார்கள்.

நான் 1978-ல் இந்த வேலைக்கு வந்தேன். கலிஃபோர்னியாவில், சிலிக்கான் வேலி என்கிறார்களே அந்த சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் ஒரு சின்ன அழுத்த சென்சார் கம்பெனி. பெயர் வேண்டாம். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்போது இல்லை. அவர்களுக்கு நோபலும் இல்லை, பத்திரிகையில் இரங்கல் குறிப்பும் இல்லை. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொருவராக எழுதுகிறேன். பெயர் போடப்போவதில்லை, குடும்பத்தாரிடம் நான் கேட்கவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 4, இரவு

அந்த ஒரு மணி நேரக் கதை பற்றி இன்னும் கொஞ்சம். கதை பொய் இல்லை, அவர்களே சொன்னதுதான். ஆனால் அன்று அவர்கள் தேடியது கேமராவை இல்லை, நினைவகத்தை. காந்தக் குமிழி நினைவகத்துக்கு அப்போது பெல் லேப்ஸில் மவுசு. மேலே இருந்த ஜாக் மார்ட்டன், சிலிக்கான் பக்கத்திலிருந்து அதற்கு ஈடாக ஒன்றைக் காட்டுங்கள் என்று நெருக்கினார். அந்த நெருக்கடியில் வந்தது சிசிடி. அதைப் படம் எடுக்கும் சாதனமாக ஆக்கியதில் மைக்கேல் டாம்ப்செட்டின் கை பெரியது. 1973 ஜனவரியில் ஒரு தொழில் பத்திரிகை அட்டையில் சிசிடி எடுத்த வண்ணப்படம் வந்தது. படத்தில் இருந்தவர் அவருடைய மனைவி மார்கரெட். பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் சிசிடிக்காகக் கிடைத்த 2009 நோபலில் டாம்ப்செட் பெயர் இல்லை. 2017-ல் எலிசபெத் ராணி பெயரிலான பொறியியல் பரிசை ஸ்மித், டாம்ப்செட், ஜப்பானின் தெரானிஷி, ஃபாஸம் நால்வருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பட்டியல்தான் நியாயமாகப் படுகிறது.

ஸ்மித், பாயில் இருவருக்கும் முன்னால் 1967-ல் ஃபேர்சைல்டில் ஜீன் வெக்லர், 1968-ல் இங்கிலாந்தில் பிளெஸ்ஸி கம்பெனியில் பீட்டர் நோபிள், இருவரும் சிலிக்கான் டயோடில் விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து வைத்துப் படிக்கலாம் என்று காட்டியிருந்தார்கள்.

ஜூன் 6

எட்சிங், அதாவது சிலிக்கானைக் கரைத்துச் செதுக்கும் தொட்டியருகே நின்றவரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போர்ச்சுகீசிய வம்சாவளி. சான் ஹோசேயிலேயே பிறந்து வளர்ந்தவர். சிலிக்கான் வருவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டம்: ஆப்ரிகாட், பிளம், செர்ரி. பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. அவை ஒவ்வொன்றாக மூடியபோது ஆட்கள் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வந்தார்கள். இவரும் அப்படி வந்தவர்தான். ஆலையில் இவர் பார்த்த வேலை பீச் பழத்தின் தோலை எடுப்பது. கத்தி கிடையாது, சூடான காஸ்டிக் கரைசலில் காட்டி எடுத்தால் தோல் கழன்றுவிடும். ஒரு நிமிஷம் கூடப் போனால் சதையும் சேர்ந்து போய்விடும்.

எங்களிடம் அவருக்குக் கிடைத்ததும் காஸ்டிக் தொட்டிதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 80 டிகிரி செல்சியஸ். வேஃபர் என்பது சில்லுகளைச் செய்யும் மெல்லிய சிலிக்கான் வட்டத் தகடு. அதன் தடிமன் 380 மைக்ரான் சுமார், மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்பக்கத்தில் தடைகள் இருக்கும். பின்பக்கத்தில் ஒரு சதுர ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு, அது வழியாகக் கரைத்துக் கரைத்து நடுவில் 25 மைக்ரான் சவ்வாக நிறுத்த வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு மைக்ரான் கரையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மணி நேரத்தை ஒட்டி வரும். படிகம் தானாகவே 54.7 டிகிரி சாய்வில் சுவர் கட்டிக்கொண்டு இறங்கும், அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எப்போது நிறுத்துவது என்பதுதான் வித்தை. 25 மைக்ரானில் நிற்க வேண்டியது 20-க்குப் போனால் சென்சாரின் உணர்திறன் ஒன்றரை மடங்கு எகிறிவிடும். தடிமனின் இருமடிக் கணக்கு அது. ஒரு வேஃபரில் சில நூறு சென்சார், அத்தனையும் குப்பைக்கு.

குறைந்த அழுத்தத்துக்கான வகையில் சவ்வு 10 மைக்ரான்தான். அங்கேதான் இவரைப் பார்க்க வேண்டும். சிலிக்கான் நம் கண்ணுக்கு ஈய நிறத்தில் ஒளிபுகாத உலோகம் மாதிரித்தான் தெரியும். ஆனால் 10 மைக்ரானுக்கு மெலிந்துவிட்டால் பின்னாலிருந்து விளக்கடித்தால் அடர்சிவப்பாக ஒளி கசியும். இன்னும் மெலிந்தால் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். வேஃபர் ஏந்தியைத் தொட்டியிலிருந்து தூக்கி, தண்ணீரில் அலசி, ஒன்றை மட்டும் டெஃப்ளான் இடுக்கியால் எடுத்து விளக்குப் பெட்டி மேல் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நடுவில் ஒரு சதுரம், ஓரத்தில் ஒரு சதுரம், அவ்வளவுதான். “இன்னும் மூணு நிமிஷம்” என்பார். இல்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் கழுவும் தொட்டிக்கு மாற்றிவிடுவார். மைக்ராஸ்கோப்பில் விளிம்பையும் அடியையும் மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து ஆழத்தை அளந்து எழுதுவது என் வேலை. நான் அளந்து முடிப்பதற்குள் அவர் காபி குடிக்கப் போயிருப்பார்.

பின்னால் போரானை அடர்த்தியாகச் செலுத்திய அடுக்கு வந்ததும் கரைசல் தானே தயங்கி நிற்கும் முறை, மின்னழுத்தம் கொடுத்து நிறுத்தும் முறை எல்லாம் வந்தன. நல்லதுதான். அவருக்கே அதில் சந்தோஷம். “இனிமேல் லஞ்சுக்கு நேரத்தோடு போகலாம்” என்றார்.

தொண்ணூறுகளில் போய்விட்டார்.

ஜூன் 7

அந்தச் சிவப்பை நீங்களே பார்த்தீர்களா என்று கேட்டிருந்த தம்பிக்கு: ஆமாம், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாதுளை முத்தின் நிறம். சூரியனுக்கு எதிரே பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும், ஆனால் கொஞ்சம் கைதவறினாலும் உடைந்துவிடும்.

ஜூன் 9

முதல் நாள் எழுதியதைப் படித்தால் ஸ்மித், பாயில் இருவரையும் நான் ஓரங்கட்டுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அது என் எண்ணம் இல்லை. நினைவகம் தேடியவர்களாக இருந்தாலும், மின்னூட்டத்தைப் பொட்டலமாகக் கட்டிச் சிலிக்கான் மேல் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகலாம் என்பது அவர்களுடைய யோசனை.  அந்த மனிதர்களையும் எனக்குப் பிடிக்கும். பாயில் கனடாக்காரர். அப்போலோ திட்டத்துக்காக இறங்கும் இடம் தேர்ந்தெடுப்பதில் கொஞ்ச காலம் உதவியிருக்கிறார். 1979-ல் ஓய்வு பெற்று நோவா ஸ்கோஷியாவில் ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டார். ஸ்மித் 1986-ல் ஓய்வு பெற்றார், பாய்மரப் படகில் துணைவியோடு 17 வருஷம் உலகத்தைச் சுற்றினார். தான் செய்ததைக் கட்டிக்கொண்டு அழாமல் கடலுக்குப் போன மனிதர்.

ஆனால் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதும் அதை ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வேலை செய்ய வைப்பதும் வேறு வேறு. நான் எழுத வந்தது இரண்டாவது கூட்டத்தைப் பற்றி. சென்சார் தொழிலில் அந்தக் கூட்டம்தான் பெரியது. கணக்குப் போடும் சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டால், வேஃபர் நன்றாக வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. சென்சாரில் வேஃபர் நன்றாக வந்தால் வேலை இனிமேல்தான் ஆரம்பம். ஒட்டுவது, கம்பி கட்டுவது, மூடுவது, ஒவ்வொன்றாகச் சூடாக்கிக் குளிர்வித்துத் திருத்துவது. செலவும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

ஜூன் 12

திருத்தும் மேசையில் இருந்த வியட்நாம் அம்மா.

சைகோன் விழுந்த பிறகு வந்த குடும்பம். ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இங்கே வந்ததும் ஆங்கிலம் போதவில்லை என்று அசெம்பிளியில் போட்டார்கள். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் வேறு வேறு ஊர் ஆங்கிலம், ஆனாலும் நன்றாகப் பேசிக்கொள்வோம். வயதில் மூத்தவர். எனக்கு அவர் அக்கா மாதிரி.

வேலை இதுதான். சவ்வின் மேல் நாலு மின்தடைகளைப் பிரிட்ஜாக, அதாவது ஒன்றுக்கொன்று ஈடுகட்டும் சுற்றாகக் கட்டியிருக்கும். அழுத்தம் இல்லாதபோது வெளியே பூஜ்ஜியம் வர வேண்டும். வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழை. வெப்பம் ஏறினால் பூஜ்ஜியமும் நகரும், உணர்திறனும் குறையும், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. ஆகவே ஒவ்வொரு சென்சாரையும் ஓவனில் 0, 25, 70 டிகிரிகளில் வைத்து, அழுத்தம் கொடுத்து, எடுத்து, எண்களை எழுதி, அதற்கென்று தனியாகத் தடைகளைக் கணக்கிட்டு, பீங்கான் தகட்டில் லேசரால் செதுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஆரம்பத்தில் கால்குலேட்டரில்தான் போட்டார்கள். இவர் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் பென்சிலில் ஒரு எண்ணை ஓரத்தில் எழுதி வைப்பார். கால்குலேட்டர் அதை ஒட்டிய எண்ணைக் காட்டாவிட்டால் ஓவனை மறுபடி ஓட்டச் சொல்வார். கால்குலேட்டர் பிழை செய்யாது, ஆனால் எண்ணை எழுதியவர் மாற்றி எழுதியிருக்கலாம் இல்லையா?

ஒரு வருஷம் வெளியே போன சரக்கு திரும்பித் திரும்பி வந்தது. சில மாதம் ஓடிய பிறகு பூஜ்ஜியம் நகர்ந்துகொண்டே போகிறது, கடைசியில் சென்சாரே செத்துவிடுகிறது. மேலே இருந்தவர்கள் வேஃபரைச் சந்தேகித்தார்கள், எட்சிங்கைச் சந்தேகித்தார்கள். தொட்டிக்காரர் வாரக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். இந்த அம்மா தன் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நோட்டில் ஒவ்வொரு தொகுதிக்கும், யாரும் கேட்காத ஒரு கட்டம்: ஒட்டிய நாள், மூடிய நாள். வெள்ளிக்கிழமை ஒட்டித் திங்கள்கிழமை மூடியவை திரும்பி வரவில்லை. ஒட்டிய அன்றே அவசரமாக மூடியவைதான் திரும்பி வந்தன.

விஷயம் இதுதான். சில்லைக் கெட்டியான எப்பாக்ஸியால் ஒட்டினால் அடித்தளம் இழுக்கிற இழுப்பெல்லாம் சவ்வுக்குப் போய்விடும், ஆகவே இளகிய சிலிக்கோன் ரப்பரால் ஒட்டுவோம். நாங்கள் வாங்கிய வகை காற்றின் ஈரத்தால் இறுகும். இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும். அதாவது வினிகர். அசெம்பிளி அறை முழுக்க அந்த வாடை அடிக்கும். அது வெளியே போவதற்குள் மூடியைப் போட்டுவிட்டால் அமிலம் உள்ளேயே தங்கி, அலுமினியத் தடங்களை மெதுவாக அரித்துவிடும். “எங்கள் வீட்டில் ஊறுகாய் போட்ட அலுமினியப் பாத்திரம் இப்படித்தான் ஓட்டையானது” என்றார் அந்த அம்மா. நுண்ணோக்கியில் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது.

அமிலம் விடாத வகைக்கு மாறினோம், இத்தனை மணி நேரத்துக்கு முன்னால் மூடக்கூடாது என்று விதி வந்தது, பிரச்சினை முடிந்தது. அறிக்கையை எழுதியவர் வேறொருவர். அதில் நோட்டைப் பற்றியும் இல்லை, நோட்டுக்காரரைப் பற்றியும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 13

ரப்பர் கம்பெனி மேல் குற்றம் இல்லை. இறுகும்போது அமிலம் வரும் என்று அவர்கள் தாளில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள்.

ஜூன் 17

எங்கள் தலைமைப் பொறியாளர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவர் கையிலும் முதல் நாளே ஒரு சென்சாரைக் கொடுத்து, அதன் குழாயில் ஊதச் சொல்வார். வோல்ட்மீட்டர் முள் ஏறும். உறிஞ்சச் சொல்வார், முள் இறங்கும். “உன் நெஞ்சில் இருக்கிற காற்றின் பலம் அதில் தெரிகிறது. இனிமேல் இதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்” என்பார். வாங்க வந்தவர்களையும் விடமாட்டார். கோட்டு சூட்டு போட்ட கார் கம்பெனிக்காரர்கள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எல்லோரும் கதவோரம் கூடிவிடுவோம்.

கார் கம்பெனிக்காரர்கள் ஏன் வந்தார்கள் என்றால், 1970-ல் அமெரிக்காவில் வந்த காற்றுத் தூய்மைச் சட்டம். புகையைக் குறைக்க எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கணினி முடிவு செய்ய வேண்டும், அதற்கு உள்ளே போகும் காற்றின் அழுத்தம் தெரிய வேண்டும். அந்த ஒரு தேவைதான் எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு லட்சக்கணக்கில் செய்யக் கற்றுக்கொடுத்தது.

அவர் எனக்குப் படிக்கக் கொடுத்த முதல் கட்டுரை 1973-ல் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் சமவுன், வைஸ், ஏஞ்சல் மூவரும் எழுதியது: உடம்புக்குள் செலுத்தும் அளவுக்குச் சின்னதாக, எட்சிங் செய்த மெல்லிய சவ்வில் ஒரு அழுத்த சென்சார். சமவுன் இந்தோனேசியர். கட்டுரையில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. எனக்கு அப்போது இங்கே பெரிய தொல்லையே அதுதான்: எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கடைசிப் பெயர் கேட்கும், அப்பா பெயரைப் போடுவேன், அப்புறம் ஆஸ்பத்திரியிலும் பேங்க்கிலும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தலைமைப் பொறியாளர் அந்தக் கட்டுரையை விரித்து வைத்து, “பார், இந்த மனிதர் ஒற்றைப் பெயரோடு டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார், நீ கவலைப்படாதே” என்றார்.

சமவுன் ஊருக்குத் திரும்பிப் போனார். பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்ரோ எலக்ட்ரானிக்ஸை வளர்த்தார், பிறகு இந்தோனேசிய அறிவியல் கழகமான லிப்பிக்குத் தலைவராக இருந்தார். 2006-ல் காலமானார். இந்தியாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்களில் பலருக்கு அவர் திரும்பிப் போனது மனதில் ஒரு ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது.

கட்டுரையின் மூன்றாமவர் ஜேம்ஸ் ஏஞ்சல், பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் கோபுரத்தில் இருக்கும் மணிகளை வாசித்தவரும் அவர்தான், பல வருஷம். ஒரு மாலை அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது மணி ஒலித்தது. தலைமைப் பொறியாளர் நின்று மேலே கை காட்டி, “அங்கே இருக்கிறவர் மாணவர்களில் ஒருத்தி வேகமாற்றத்தை அளக்கும் சிலிக்கான் செய்தாள், இன்னொருவன் வேஃபர் மேலேயே ஒரு வாயு ஆய்வுக்கூடத்தைச் செதுக்கினான்” என்றார். லின் ராய்லன்ஸ், ஸ்டீபன் டெரி. இரண்டும் 1979-ல் வெளியானவை. இன்றைக்கு ஃபோனைத் திருப்பினால் திரை திரும்புகிறதே, அதற்குக் கொள்ளுப்பாட்டி ராய்லன்ஸ் செய்ததுதான்.

1982-ல் ஐபிஎம்மில் இருந்த கர்ட் பீட்டர்சன், சிலிக்கான் ஒரு இயந்திரப் பொருள் என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். உலகமே எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். தலைமைப் பொறியாளர் ஒரு பிரதி எடுத்துத் தொட்டிக்காரரிடம் கொடுத்தார். அவர் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சுவரெல்லாம் நேராக வந்திருக்கிறது, நல்ல தொட்டிதான்” என்றார்.

தலைமைப் பொறியாளர் ஓய்வு பெறவே இல்லை. வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு.

ஜூன் 21

நம் ஊர்க்காரர் யாரும் இல்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இருந்தார். கும்பகோணத்துப் பக்கம். நான் அண்ணா என்று கூப்பிட்டவர். அவர் வேறு கம்பெனி, ஒளிப்பக்கம். ஃபேக்ஸ் இயந்திரங்களுக்கான ஒற்றை வரிசை சிசிடி செய்தார்கள். ஆகவே இந்த இழையின் முதல் கேள்விக்கு அவர்தான் பொருத்தமான ஆள், நான் இல்லை.

சிசிடிக்கு எமன் தூசிதான். ஒரே ஒரு இடத்தில் மின்னூட்டம் தடைப்பட்டால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் கெட்டுவிடும். அண்ணா தினமும் காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். தூய அறைக்குள் போக விபூதியும் பவுடரும் ஆகாது. வண்டியை நிறுத்திவிட்டு, கம்பெனி குழாயடியில் நெற்றியை மூன்று முறை கழுவி, டேப் ஒட்டிப் பார்த்து, அப்புறம்தான் முகமூடியும் அங்கியும் போடுவார். சாயங்காலம் காரில் ஏறியதும் டாஷ்போர்டு பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி பூசிக்கொண்டுதான் சாவியைத் திருப்புவார். அவருடைய ஷிஃப்டில் நல்ல சில்லு கிடைக்கும் விகிதம் மற்ற ஷிஃப்டுகளைவிட எப்போதும் கூடுதல் என்று அவர் கம்பெனிக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவர் அடிக்கடி சொல்கிற ஆள் சோனியின் கசுவோ இவாமா. 1954-ல் அமெரிக்காவுக்கு வந்து டிரான்சிஸ்டர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, பார்த்ததை எல்லாம் கடிதமாக டோக்கியோவுக்கு எழுதி அனுப்பியவர். எழுபதுகளில் சிசிடியைப் பிடித்துக்கொண்டார். வருஷக்கணக்கில் பணம் போனது, சரக்கு வரவில்லை, ஆனாலும் விடவில்லை. 1980-ல் ஜப்பானிய விமான நிறுவனம் ஏஎன்ஏவின் ஜம்போ விமானங்களில் சோனியின் சிசிடி கேமராவைப் பொருத்தினார்கள். விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பயணிகள் திரையில் பார்க்கலாம். 1982 ஆகஸ்டில் இவாமா போய்விட்டார், வீட்டுக்கு வீடு வீடியோ கேமரா வருவதைப் பார்க்காமலே. அவருடைய கல்லறையில் ஒரு சிசிடி சில்லைப் பதித்தார்கள்.

அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனியில் இருந்த வால்டர் கொசோனோக்கி மேலும் அண்ணாவுக்குப் பெரிய மரியாதை. போலந்தில் பிறந்தவர், பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி. சிசிடி அடிப்படைகளிலும் அகச்சிவப்புச் சென்சார்களிலும் நிறையச் செய்தார். 1996-ல் இறந்தார். அவர் பெயரில் ஒரு விருது இருக்கிறது, நண்பர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் ஏற்படுத்தியது. அந்த மாதிரி விருதுதான் எனக்குப் பிடிக்கும். கோடக்கின் பிரைஸ் பேயர் 2012-ல் போனார். சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு என்று அவர் 1976-ல் காப்புரிமை வாங்கிய வண்ண வடிகட்டிக் கட்டம்தான் இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில். பச்சைக்கு ஏன் இரண்டு என்றால், மனிதக் கண்ணுக்கு வெளிச்சத்தின் நுணுக்கம் பச்சையில்தான் அதிகம் தெரியும்.

அண்ணா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாம்பலைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஜூன் 30

வேறு ஒரு விஷயம். சில வருஷத்துக்கு முன்னால் மதுரையில் என் அத்தானை ஐசியுவில் வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்துக் கம்பத்தில், மணிக்கட்டு ரத்தநாளத்திலிருந்து வரும் குழாயில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு. நர்ஸ் பெண் அதை நெஞ்சு உயரத்துக்குச் சரிசெய்து, வால்வைத் திருப்பி, பூஜ்ஜியம் வைத்தார். என்ன என்று கேட்டேன். “டிரான்ஸ்டியூசர் சார், ஒரு பேஷண்டுக்குப் போட்டதை இன்னொருத்தருக்குப் போட மாட்டோம்” என்றார்.

நான் வேலைக்கு வந்தபோது அந்த அளவி பல நூறு டாலர். ஒன்றையே கழுவிக் கழுவிப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள், அதன் வழியே தொற்றும் பரவியது. எண்பதுகளில் சிலிக்கான் சில்லும் மெல்லிய ஜெல் பூச்சும் சேர்ந்து அதைத் தூக்கி எறியும் பொருளாக்கின. ஜெல் எதற்கென்றால், உப்புத் தண்ணீர் சில்லைத் தொடக்கூடாது, அழுத்தம் மட்டும் தொட வேண்டும். அந்தத் துண்டு எங்கள் கம்பெனியின் சரக்கில்லை. ஆனால் உள்ளே இருக்கும் சதுரச் சவ்வு, நாலு தடை, ஓரமாக நிற்கும் சாய்ந்த சுவர், எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அத்தானிடம் சொன்னேன். மாஸ்க்குக்குள்ளிருந்து, “நீ செஞ்சதா?” என்று கேட்டார். நாங்கள் கொஞ்சப் பேர் என்றேன். அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

ஜூலை 8

அமிலம், காஸ்டிக் என்று சாதாரணமாக எழுதிக்கொண்டே போகிறேன். பாதுகாப்பு எப்படி என்று ஒருவர் கேட்டது சரியான கேள்வி.

போதவில்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குக் கையுறையும் கால்சியம் ஜெல்லும் இருந்தன; அதை எல்லோரும் பயந்து மதித்தார்கள். யாரும் அவ்வளவு பயப்படாத மற்றவற்றில்தான் ஆபத்து. சில வேலைகளுக்குக் காஸ்டிக்குக்குப் பதிலாக எத்திலீன் டையமீன், பைரோகேட்டகால் கலவை வைத்திருந்தோம். ஆக்சைடை அதிகம் தொடாது என்பதால். அந்த நெடி மீன் சந்தை நெடியைவிட மோசம், விஷம் வேறு. வேஃபர் கழுவும் கரைப்பான்கள் இன்னொரு பக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கரைப்பான்கள் கசிந்து குடிநீர்க் கிணறுவரை போனது தெரியவந்தது. அமெரிக்க அரசின் சுத்திகரிப்புப் பட்டியலில் சாந்தா கிளாரா மாவட்டத்து இடங்கள் இன்றும் வரிசையாக இருக்கின்றன.

தொட்டிக்காரர் நுரையீரல் கெட்டு இறந்தார். புகையும் பிடிப்பார், பழ ஆலையிலும் இருந்தார், எங்களிடமும் இருந்தார். எதனால் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நெடிக்குப் பக்கத்தில் அவர் நின்ற நேரத்தையும், கண்ணாடி அறைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அந்த வித்தியாசம் சம்பளத்திலும் இருந்தது, எதிர்த்திசையில்.

ஜூலை 19

வியட்நாம் அம்மாவின் மகள் எனக்கு எழுதியிருக்கிறார். இந்த இழையை அவர் பார்த்ததில்லை, நான்தான் பழைய முகவரிக்கு எழுதி, அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டிருந்தேன். எழுதுங்கள் என்றார். கூடவே ஒரு கேள்வி: “அம்மா அங்கே என்னதான் செய்தார்? எங்களிடம் ஃபேக்டரி வேலை என்று மட்டும்தான் சொல்வார்.”

ஓவன், மூன்று வெப்பநிலைகள், பென்சில் எண், வினிகர் என்று எல்லாவற்றையும் விளக்கி ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். கார்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஓடிய ஆயிரக்கணக்கான சென்சார்களில் ஒவ்வொன்றின் திருத்த எண்களும் உங்கள் அம்மாவின் கையெழுத்தில் ஒரு முறை எழுதப்பட்டவை என்றும் எழுதினேன்.

நோட்டுகள் அவரிடம் பத்திரமாக இருக்கின்றனவாம், ஒரு பெட்டி நிறைய. மவுன்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகம் இப்படிப்பட்ட பொருள்களையும் பழைய ஆட்களின் பேச்சுப் பதிவுகளையும் சேர்க்கிறது. மகளுக்குச் சம்மதம் என்றால் அங்கே கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஸ்கேன் செய்ய வேண்டும். எண்கள் எனக்குப் புரியும். ஓரக் குறிப்புகள் வியட்நாமிய மொழியில் இருக்கின்றன, மகளுக்குச் சரளமாகப் படிக்க வராது என்கிறார். இந்த வட்டாரத்தில் அந்த மொழி நன்றாகப் படிக்கத் தெரிந்த நண்பர்கள் உங்களில் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். பக்கங்களை நான் கொண்டுவந்து காட்டுகிறேன்.